கை நனைக்காமல் போன விருந்து

ஒன்பதாம் வகுப்பில் நான் ஊர் மண்ணைக் காப்பாற்றக் கிளம்பியிருந்தேன். சித்தப்பா திருவையாறு சாலையில் பேட்டரிக் கடை வைத்திருந்தார். பழைய பேட்டரிகளைப் பிரித்துக் கழுவிய தண்ணீரையெல்லாம் வருஷக்கணக்காகக் கடைக்குப் பின்னாலிருந்த கொல்லையில்தான் ஊற்றினார். அந்த மண்ணில் ஈயம் சேர்ந்திருக்கும், சில செடிகள் அதை வேர் வழியாக உறிஞ்சிவிடும் என்று அறிவியல் சார் சொன்னார். உடனே நானும் என் வகுப்புப் பிள்ளைகளும் அங்கே செந்தண்டுக்கீரை விதைத்தோம். மண்ணின் விஷம் கீரைக்கு வரும். பிறகு கீரையைப் பிடுங்கிப் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

இதை ஊருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கண்ணெதிரே கீரை தளதளவென்று நின்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை சும்மா இருக்குமா? தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் ஒரு கட்டு கேட்டார்கள். "விஷக் கீரைங்க, தொடாதீங்க" என்றால், "தரமாட்டேன்னு சொல்லிட்டுப் போயேன், எதுக்குப் பொய்யி?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டிலும் வேளாவேளைக்கு இதையே பேசினேன். "இது வாய மூடவே மூடாதா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அக்கா மட்டும் பொறுமையாகக் கேட்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு வரன் வந்தது. பேராவூரணிப் பக்கம், தென்னந்தோப்பு, ஒரே பையன். அக்காவோ கல்லூரி முடித்து, மேலே படிக்க இடமும் வாங்கி வைத்திருந்தாள். "கல்யாணத்துக்கப்புறம் படிச்சுக்கலாம்" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். அக்கா சில நாள் அழுதாள். பிறகு அழவில்லை.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி பலகாரத்தோடு எழுந்துவிடுவார்கள். இலை போட்டுக் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பேராவூரணிக்காரர்கள் சாப்பிடவே சம்மதித்துவிட்டார்கள். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கூடம் நிறைய இலை விழுந்தது. அக்கா அடுப்படியில் கீரைக்கூட்டு வாளியை என் கையில் கொடுத்து, காதோடு சொன்னாள்: "உன் தோட்டத்துக் கீரைதான்டி. என்னமா தளதளன்னு இருந்துச்சு!"

வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். கூட்டில் சிவப்புத் தண்டு நன்றாகவே தெரிந்தது. கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடாதீங்க! விஷம்!" என்று கத்தினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஈயம், மூளை, சிறுநீரகம், சித்தப்பாவின் கடை என்று பாடம் முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "அடிப்பாவி!" என்றார் சித்தப்பா. அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பி, "கீரைய நீதானேடி செஞ்சே, எங்க பறிச்சே?" என்றாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க உங்க விருந்து" என்று மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். யாரும் கை நனைக்கவில்லை. கார் தெருமுனை திரும்பியதும் எல்லோரும் என்மேல் பாய்ந்தார்கள். கடைசியில் அப்பா ஓய்ந்துபோய், "இந்தக் கூத்து ஊர் வாயில அடங்குற வரைக்கும் ஒரு வரனும் வராது. அதுவரைக்கும் அவ படிச்சுத் தொலையட்டும்" என்றார்.

நான் அழுதுகொண்டே கடைக் கொல்லைக்கு ஓடினேன். சார் கேட்டால் என்ன சொல்வது? ஆனால் அங்கே ஒரு செடிகூடக் குறையவில்லை. ஒரு தண்டில்கூட வெட்டு இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து, "அக்கா, நீ வெட்டின கீரை அதுக்குள்ள முழுசா வளந்துடுச்சு! ஈயத்தோட வேலைதான் இது!" என்றேன்.

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அழுகையாகிவிட்டது. "நீ நல்லா இருப்படி, நல்லா இருப்ப" என்று என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தாவரவியலில் அவளுக்கு இத்தனை ஆர்வம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.