எதிர்வீட்டுக் கண்ணாடி

தைவானில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால், எதிர்வீட்டு நிலைக்கு மேலே எண்கோணச் சட்டம் போட்ட சின்னக் கண்ணாடி தொங்குகிறது. அதில் எங்கள் வாசல் முழுதாகத் தெரிந்தது. நானும் தெரிந்தேன். ஆலையில் என்னோடு வேலை பார்ப்பவரிடம் அதைப் படம் எடுத்துக் காட்டினேன். தாவோ மதத்தார் மாட்டும் ‘பாகுவா’ கண்ணாடி அது, வருகிற தீமையை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் என்றார். “எதிரே இருப்பது உங்கள் வீடா?” என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். கண்ணாடி வெளிச்சத்தைத்தான் திருப்பும் என்று என் மனைவி பேச்சியிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். முந்தைய கரு தங்கவில்லை. “உங்களுக்கு வெளிச்சம், எனக்குப் பிள்ள. பைய போயி எடுக்கச் சொல்லுங்க” என்றாள்.

எதிர்வீட்டு லின் அம்மாளும் நானும் கைபேசி மொழிபெயர்ப்பில்தான் பேசிக்கொள்வோம். கண்ணாடியை எடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினார். “உங்கள் பிசாசு என் கணவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது” என்றது கைபேசி. அவர் கணவர் பக்கவாதம் வந்து முன்னறைக் கட்டிலில் கிடந்தார். திரும்பிப் பார்த்தேன். எங்கள் கதவில் அம்மா எங்கள் ஊர் பேட்டையிலிருந்து கொடுத்துவிட்ட திருஷ்டி பொம்மை, கண் பிதுங்கி, நாக்கு தொங்க. “அது காவலுக்கு” என்றேன். “இதுவும்தான்” என்றார் அவர்.

பேட்டையில் நாங்கள் வீடு கட்டியபோது சாரத்தில் இதே மாதிரி ஒரு பொம்மை தொங்கியது. பூசணிக்காயைச் சுற்றி முச்சந்தியில் உடைத்தோம். பொம்மை யாரைப் பார்க்கிறது, உடைந்த காயில் யார் கால் வைப்பார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. கல்லூரிக்குப் போன நானும் கேட்டதில்லை.

“என்ன சொல்லுதாவ?” என்றாள் பேச்சி. சொன்னேன். “அவியளுக்கும் ஆளு பொழைக்கணும்லா” என்று அவளே போய்ப் பொம்மையைக் கழற்றினாள். ஆனால் தூக்கிப் போட மனசு வரவில்லை. கதவின் உள்பக்கம் மாட்டினாள். மறுநாள் எதிரே கண்ணாடி இல்லை. லின் அம்மாள் கோயிலிலிருந்து சிவப்பு மையில் மந்திரம் எழுதிய மஞ்சள் தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். பேச்சியின் வயிற்றைக் காட்டிக் கும்பிட்டுவிட்டு, எங்கள் கதவின் வெளிப்பக்கம் ஒட்டிவிட்டுப் போனார்.

அம்மா வீடியோவில் வாசலைக் காட்டச் சொன்னாள்.

“ஏலே, பொம்ம எங்க? என்னமோ மஞ்சத் தாளுல்லா இருக்கு?”

“பொம்ம உள்பக்கம் இருக்கும்மா.”

“உள்ளயா? அப்ப அது யாரைலே பாக்குது?”

“எங்களத்தான்.”

இப்போது ஏழாம் மாதம். நான் வேலைக்குக் கிளம்பும்போது பேச்சி உள்ளே தாழ் போட்டுக்கொள்வாள். பொம்மை அவள் பக்கம். எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தின் முன்னால், தாழ் விழும் சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டுத்தான் நான் போகிறேன்.