துடைப்பம் அக்காவும் பொது வட்டும்

ஆராய்ச்சிக்கூடத்தின் கணினி மையத்தில் அவருக்கு முகத்துக்கு நேரே பெயர் அக்கா. முதுகுக்குப் பின்னால் துடைப்பம். இரண்டாவது பெயரும் அவருக்குத் தெரியும். "பெருக்கறவளத் துடைப்பம்னு சொல்லாம பூங்கொத்துன்னா சொல்லுவாங்க?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். நான் அவருக்கு அடுத்த மேசை. பழைய தரவுகள் உறங்கும் டேப்புகளுக்குப் பொறுப்பு.

நூற்றுக்கணக்கான ஆராய்ச்சியாளர்கள் பங்குபோட்டுக்கொள்ளும் கணினிகள் அவை. அவற்றின் சேமிப்பிடத்தைக் கட்டிக்காப்பது அக்காவின் வேலை. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு சின்ன இடம் உண்டு. அதற்கு தினமும் பேக்கப் எடுப்போம். கட்டடமே எரிந்தாலும் மீட்டுக் கொடுத்துவிடலாம். இன்னொன்று பொது வட்டு. பெரியது, வேகமானது, பேக்கப் கிடையாது. பல குடும்பங்கள் சேர்ந்து சமைக்கும் மேடை மாதிரி. வேலை முடிந்ததும் அவரவர் பாத்திரத்தை அவரவர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். யார் எடுக்கிறார்கள்? அதனால் ஒரு விதி வைத்திருந்தோம். மூன்று மாதம் தொடப்படாத ஃபைல் அழிக்கப்படும். அழிந்தால் அழிந்ததுதான். காலியான இடத்தில் அடுத்தவன் தரவு வந்து உட்கார்ந்துவிடும்.

அழிப்பதற்கு முன் எச்சரிக்கை மெயில் தானாகப் போகும். அதை யாரும் படிப்பதில்லை. மையத்திலிருந்து வந்தால் கல்யாணப் பத்திரிகையைக்கூடத் திறக்க மாட்டார்கள். ஆகவே அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்த விதியிலும் இல்லாத வழக்கம். பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிடுவார்.

"என்ன ராசா, உன் மூட்டை நாளைக்குக் குப்பைக்குப் போகுது. வந்து எடுத்துக்கறியா?"

"அக்கா, ரெண்டே ரெண்டு நாள்க்கா."

"போன தடவையும் ரெண்டு நாள்தான் கேட்டே. உனக்கு ரெண்டு கழுதை வயசாச்சு, அந்த ரெண்டு நாள் இன்னும் முடியல."

திட்டிக்கொண்டே காத்திருப்பார். கடைசி ஆள் வந்து எடுத்துக்கொண்ட பிறகுதான் பொத்தான். துடைப்பம் என்று சொன்னவர்கள் எல்லோரும் அந்த ஃபோனை நம்பித்தான் நிம்மதியாக இருந்தார்கள்.

அவருடைய தம்பியும் அங்கேதான் ஆராய்ச்சி மாணவன். நெட்டையாக, காற்றடித்தால் வளைகிற உடம்பு. துடைப்பத்தின் தம்பி ஆனதால் ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடலோர நிலத்தடியில் உப்புத் தண்ணீர் எப்படி உள்ளே ஏறும் என்பது அவன் ஆய்வு. ஒரு வருடத்தின் விடையிலிருந்துதான் அடுத்த வருடத்தைக் கணக்கிட முடியும். அப்படி வருடம் வருடமாகக் கோத்து வர வேண்டும். கோத்து முடித்திருந்தான். பட்டத்துக்குக் கட்டுரை எழுதுவதுதான் பாக்கி. விடைகள் மொத்தமும் பொது வட்டில் இருந்தன. சொந்த இடத்தில் அவை கொள்ளாது.

பையன்களிடம் ஒரு தந்திரம் உண்டு. தினமும் எல்லா ஃபைலையும் சும்மா தொட்டுவிட்டு வருகிற ஒரு சின்ன நிரலை ஓட விடுவார்கள். தூங்குகிறவனை நாளுக்கு ஒருமுறை உசுப்பிவிட்டு, முழித்திருக்கிறான் என்று கணக்குக் காட்டுவதுபோல. ஒரு முறை அக்கா அவர்களை வளைத்துப் பிடித்தார். பயனாளர் கூட்டத்தில் பெயர் பெயராகச் சொன்னபோது தம்பியின் பெயரும் வந்தது.

"அடேங்கப்பா, துடைப்பம் ஒட்டடையையும் விடாது போல!" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, கூடமே சிரித்தது.

வெளியே வந்ததும் அவன் அக்காவை நிறுத்தினான். "எல்லார் முன்னாடியும் சொல்லணுமாக்கா?"

"எல்லாரையும் எல்லார் முன்னாடிதானே சொன்னேன். உன்ன மட்டும் விட்டா, நாளைக்கு எவன் என் பேச்சைக் கேட்பான்? வீட்டுலதான் நான் உனக்கு அக்கா. இங்க சலுகை கிலுகைன்னு என்கிட்ட வராதே."

"வரல. போதுமா?"

அன்றைக்கே அந்த நிரலை நிறுத்திவிட்டான். அதன் பிறகும் ஒரே வண்டியில்தான் இருவரும் வந்து போனார்கள். வண்டி ஓட்டுவதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே.

சில மாதம் கழித்து ஒரு காலையில் கட்டிலைவிட்டு இறங்கியவனின் கால்கள் நிற்கவில்லை. பிறகு கைகளும் துவண்டன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகிறது என்றார்கள். "சரியாகும். மெதுவா சரியாகும். மெதுவான்னா, ரொம்ப மெதுவா" என்றார் டாக்டர். அம்மாவுக்கு முழங்கால் வலி, நாள் முழுக்க உட்கார முடியாது. அக்கா விடுப்புப் போட்டுவிட்டு அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். ஊட்டினார், துடைத்துவிட்டார், புரட்டிப் படுக்க வைத்தார்.

"நீ ஊட்டறது சிமெண்ட் பூசற மாதிரியே இருக்குக்கா" என்பான்.

"செவுரு பேசக் கூடாது. வாயத் திற."

அப்படி ஒரு நாள் மையத்தின் இயக்குநர் ஃபோனில் கூப்பிட்டார். பொது வட்டு நிரம்பி வழிகிறது, யாருடைய கணக்கும் நகரவில்லை, நூறு பேர் வாசலில் நிற்கிறார்கள். "அழிக்கற அனுமதிய மட்டும் கொடுத்துடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." அக்கா ஃபோனைத் திறந்தார். அழிய வேண்டியவற்றின் விவரம் அந்தச் சின்னத் திரையில் திறக்க மறுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தது. நர்ஸ் மருந்துத் தட்டோடு உள்ளே வந்தார். அக்கா பொத்தானை அழுத்திவிட்டு எழுந்தார். யாரையும் கூப்பிடாமல் அவர் அழுத்தியது அந்த ஒரு முறைதான்.

தம்பி தேறத் தொடங்கியதும் அக்கா வேலைக்குத் திரும்பினார். வந்த வாரமே அவனுடைய பேராசிரியர் எங்கள் அறைக்கு வந்தார்.

"அவனோட கடைசி ரிசல்ட்ட எனக்குக் காப்பி எடுத்துக் குடுங்கம்மா. படமெல்லாம் நான் போட்டுடறேன், அவன் படுத்துக்கிட்டே எழுதட்டும். இந்தப் பருவத்தோட உதவித்தொகை முடியுது பாருங்க."

அக்கா திறந்து பார்த்தார். கோப்புறை இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மூடிவிட்டு மறுபடி திறந்தார். பிறகு, "நாளைக்குத் தரேன் சார்" என்றார்.

பேராசிரியர் போனதும் தேட ஆரம்பித்தார். பேக்கப்பில் அவனுடைய நிரல்கள் இருந்தன, சில வரைபடங்கள் இருந்தன. விடைகள் இல்லை. டேப்புக்கு அவன் எதுவும் அனுப்பியதில்லை என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் பக்கம் திரும்பி, "ஒரு தடவை பாரேன்" என்றார். பார்த்தேன். "இன்னொரு தடவை" என்றார். அதையும் பார்த்தேன்.

முதலிலிருந்து கணக்குப் போட்டால் அடுத்த வருடம்தான் முடியும், அதற்குப் பணமும் இல்லை, அவனால் உட்காரவும் முடியாது என்று பேராசிரியர் கையை விரித்துவிட்டார். அக்கா இயக்குநரிடம் போய், தப்பு என்னுடையது, நடவடிக்கை எடுங்கள் என்றார். அவர் எல்லாவற்றையும் சரிபார்த்தார்.

"எச்சரிக்கை மெயில் போயிருக்கு. கெடு முடிஞ்சிருக்கு. எல்லாம் விதிப்படிதான் நடந்திருக்கு. உங்க மேல தப்பே இல்லம்மா."

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றார் அக்கா. அவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான்.

அன்று மாலை மருத்துவமனைக்கு நான்தான் வண்டியில் கூட்டிப் போனேன். நடைப்பயிற்சி அறையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே தம்பி நின்றுகொண்டிருந்தான். வழக்கமாக என்னைப் பார்த்தால் ஏதாவது கிண்டலடிப்பான். அன்று அக்காவின் முகத்தைத்தான் பார்த்தான்.

"டேய், உன்னோட ரிசல்ட்..."

"போயிடுச்சு. தெரியும்க்கா."

"உனக்கு யாரு சொன்னா?"

"மெயில் வந்துச்சே. அழிக்கறதுக்கு முன்னாடி. அப்பதான் இந்தக் கட்டைவிரல் அசைய ஆரம்பிச்சிருந்துது. அதாலயே தள்ளித் தள்ளிப் படிச்சேன்."

"பக்கத்துலயேதானடா உட்கார்ந்திருந்தேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சலுகைன்னு வராதேன்னு நீதானே சொன்னே." கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "ஆனா எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுவியே, எனக்கும் நீ சொல்லுவேன்னு இருந்தேன். தினமும் பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ ஃபோன எடுத்தே, ஏதோ அழுத்தினே, அப்புறம் எனக்குப் போர்வைய இழுத்து விட்டே. சரி, அக்கா முடிவு பண்ணிட்டான்னு நெனச்சேன்."

"முடிவெல்லாம் பண்ணலடா. பார்க்கவே இல்ல. உன் பேரு அதுல இருக்கான்னுகூடப் பார்க்கல."

அவன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். வேண்டுமென்றே செய்தது என்று இத்தனை நாள் நினைத்து, அதைத் தாங்கவும் பழகியிருந்தான் போல. இது அவன் எதிர்பார்க்காதது.

"பார்க்கவே இல்லையா?" என்றான். ரொம்ப மெல்லிய குரல்.

அக்கா கையை நீட்டினார். "கொஞ்சம் தள்ளிக்கோக்கா. நடக்கணும்" என்றான். கம்பியைப் பிடித்து, காலை இழுத்து இழுத்து, மறுமுனைவரை போனான். அங்கேயே சுவரைப் பார்த்து நின்றபடி, "நாளையிலேர்ந்து கொஞ்ச நாள் அம்மா வரட்டும்" என்றான். கோபமில்லை. செவிலியரிடம் தண்ணீர் கேட்கிற குரல்.

மறுநாள் அம்மாவின் கையைப் பிடித்து அக்காதான் அழைத்து வந்தார். மாற்றுத் துணியும் சாப்பாடும் இருந்த பையை வார்டு வாசல்வரை அவரே சுமந்தார். அங்கே பையை அம்மாவிடம் கொடுத்தார்.

"நீ வரலியா? உள்ள வந்து ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போயேன்டி" என்றாள் அம்மா.

"நீ போம்மா. நான் இங்கயே இருக்கேன்."

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பார்வையாளர் நேரம் முடியும்வரை அக்கா அந்தக் கதவுக்கு எதிரில் நின்றார். உட்கார நாற்காலிகள் இருந்தன. உட்காரவில்லை.