பூசாத முகங்கள்

உனக்கேனடி இந்த விடுப்புக் கேள்வியெல்லாம்? பவுடர் டின்னை எடுத்தால் கரம் போட்டில காய் வழுக்கத் தட்டிப்போட்டு விளையாடுறதுதானே. ‘அம்மம்மா, ஏன் இவ்வளவு பழசு, ஆர் தந்தது’ எண்டு பொலிஸ் மாதிரிக் கேக்கிறாய். சரி, இரு. நடுவில போனை நோண்டினியெண்டால் நிப்பாட்டிப்போடுவன்.

ஜேர்மனியில இந்த எசன் நகரத்திலதான், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் றோல்ஸ் பொரிக்கப் போன காலம். அங்க ஒரு டீச்சர் வந்தா. லண்டனில வளந்து, கலியாணம் கட்டி இஞ்ச வந்தவ. நான் ஐஞ்சாம் வகுப்போட படிப்பை விட்டனான், படிப்புக்கும் அது பெரிய ஆறுதலா இருந்திருக்கும். ஆனா அவவின்ரை வகுப்புக் கதவடியிலதான் இருந்து வெங்காயம் உரிப்பன். கண்ணீர் வந்தால் ஆரும் ஏனெண்டு கேக்கமாட்டினம்.

அவ சரித்திரம் சொல்லேக்கை சீனியில இருந்துதான் தொடங்குவா. இங்கிலாந்துக் கப்பல்கள் ஆபிரிக்காவுக்குப் போய்ச் சனத்தைச் சங்கிலியில கட்டி ஏத்தினது, கடலுக்கு அங்கால கரும்புத் தோட்டங்களுக்கு வித்தது, அந்தச் சீனிக் காசில இங்கிலாந்தில மாளிகையள் எழும்பினது எல்லாம் சொல்லுவா. அந்தச் சனம் சும்மா அழுதுகொண்டு இருக்கேல்லை, ஓடினவை, திருப்பி அடிச்சவை, லண்டனிலயே நிண்டு எழுதினவை, பேசினவை எண்டும் சொல்லுவா. வீட்டில கேட்டுப் பழகின ஒரு பிள்ளை அந்தக் கறுப்புச் சனத்தை இளக்காரமாக் ‘காப்பிலி’ எண்டு வாய்விட, “அந்தச் சொல்லை வெளியில சப்பாத்தோட விட்டிட்டு வாங்கோ” எண்டா. அண்டையில இருந்து தேத்தண்ணிக்குச் சீனி போடேக்கை ஒருக்கா யோசிப்பன். யோசிச்சுப்போட்டு மூண்டு கரண்டிதான், அது வேற கதை.

ஆண்டு விழாவுக்கு அவ இதையே நாடகமாப் பழக்கினா. பள்ளிக்கூடத் தலைவருக்கு முகம் கோணிப்போச்சு. “சனம் பிள்ளையளை அனுப்புறது தமிழ் படிக்க, டீச்சர். சரி, பழக்கிப்போட்டியள். ஆனா முகத்துக்குக் கறுப்பு மை பூசவேணும். இது எங்கட ஆக்கள் இல்லையெண்டு சனத்துக்கு விளங்கவேணும். நாடகம் முடியத் துடைச்சுப்போட்டு, பவுடர் போட்டுப் பரிசெடுக்க ஏத்துவம். மை பூசாட்டில் அடுத்த கிழமை உங்கட வகுப்பும் இல்லை.”

டீச்சர் சத்தம் போடேல்லை. “அண்ணை, மையும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். பிள்ளையள் தங்கட முகத்தோட ஏறட்டும்” எண்டா.

எங்கட மேடையில பவுடர் அப்பாமல் ஏறின பிள்ளையை நீ கண்டிருக்கிறியே? றஸ்க் தூளில புரட்டின றோல்ஸ் மாதிரித்தானே வருங்கள். அதால விழாவண்டு தலைவர் தானே ஒரு பையில மையும் பவுடர் டின்னும் கொண்டுவந்து மேடைக்குப் பின்னால வச்சிட்டு, ஆக்களை வரவேற்கப் போனார். நான் அந்தப் பையைக் கதிரையில வச்சு, அதுக்கு மேல இருந்து, சீலையை வடிவா விரிச்சுவிட்டன்.

திரும்பி வந்து தேடினார். “அக்கா, கொஞ்சம் எழும்புங்கோ, பையைக் காணேல்லை.”

“முழங்கால் பிடிச்சிட்டுது தம்பி, எழும்ப ஏலாது. வேணுமெண்டால் தூக்கிவிடுங்கோ.”

என்னை மேலால கீழால பாத்தார். அந்த முயற்சி அவருக்கு ஏலாது. அதுக்குள்ள டீச்சர் திரையை இழுத்துத் திறந்துபோட்டா.

உன்ரை அக்காதான் முன்னுக்கு வந்தவள். சங்கிலி மாதிரிக் கயிறு கையில. “அம்மா வச்ச பேரைப் பறிச்சுப்போட்டு, தங்கட வாயில வந்த பேரை வச்சாங்கள். நான் என்ரை பேரை மறக்கேல்லை” எண்டு சொன்னாள். மண்டபத்தில றோல்ஸ் சப்பின சத்தமும் நிண்டுபோச்சு. இஞ்சத்தை அரசாங்கக் கந்தோர் ஒவ்வொண்டிலயும் எங்கட பேரை வெட்டிக் கொத்தினதை மண்டபத்தில இருந்த எங்கட சனம் மறந்திருக்குமே?

ஆனாலும் தலைவர் சொன்னபடி வகுப்பை நிப்பாட்டினார். டீச்சரும் விடேல்லை. அடுத்த சனிக்கிழமையே கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் பின்னால ஒரு அறை எடுத்துப்போட்டா. முக்கால்வாசிப் பிள்ளையள் அங்க போச்சுதுகள். நானும் றோல்ஸ் பொரிக்கிற தாச்சியைத் தூக்கிக்கொண்டு போனன். இண்டைக்கும் அந்த அறையிலதானே நீ படிக்கிறாய்.

மை குப்பைக்குப் போட்டுது. டின் இதுதான். முகத்துக்குப் போட இந்த வீட்டில ஆரையும் விடேல்லை. இந்தா, கரம் போட்டில தட்டு.

அண்டைக்கு விழா முடிஞ்சு வீட்டை வரேக்கை, நாடகம் பாத்த கீழ்வீட்டுக்காரியும் தங்கச்சியும் என்னைப் படியில மறிச்சினம். “என்னக்கா, பிள்ளையள் எல்லாம் அப்பிடிக் கறுப்பாத் தெரிஞ்சுதுகள், டீச்சர் என்னத்தைப் பூசினவ?”

“ஒண்டும் பூசேல்லைப் பிள்ளை, பெத்த நிறம்” எண்டு சொன்னன். “நம்பாட்டில் உங்கட பிள்ளையளையும் ஒருக்கா முகம் கழுவிப் பாருங்கோ.”