சைக்கிள் வரும் தூரம்

ராஜகீழ்ப்பாக்கத்துக் கட்டட வேலை போய், துணிப்பையோடு தாம்பரம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வந்ததில் செங்கல் தூக்க முடியவில்லை. மேஸ்திரி போகச் சொல்லிவிட்டார். சேலையூர் தாண்டும்போது பின்னால் சைக்கிள் மணி கேட்டது. எங்கள் கட்டடத்துக்கு வந்துபோகும் மலேரியா ஊழியர்.

நெட்டையான ஒல்லி மனிதர். காக்கி பேண்ட் சங்கிலியில் சிக்காமலிருக்க கணுக்காலில் சணல் கட்டியிருப்பார். காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவிப் பரிசோதனைக்கு எடுத்துப்போவார். என் விரலிலும் குத்தி எடுத்திருந்தார். எங்களிடம் விலாசம் கேட்க மாட்டார். "ராத்திரி எங்க படுப்பே?" என்றுதான் கேட்பார்.

"இன்னாப்பா, சொல்லாம கெளம்பிட்டே? ஒன் ரத்தத்துல மலேரியா கீது."

"வேலை போச்சு சார்."

"சரி, இன்னிக்கு எங்க படுப்பே?"

"எனக்கே தெரியாது சார்."

"கொசுக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரிய வாணாமா?"

பக்கத்து டீக்கடையில் தண்ணீர் வாங்கித் தந்து, தன் கண்முன்னாலேயே மாத்திரையை விழுங்க வைத்தார்.

"இத்த சில நாளு தெனம் துண்ணணும், நானே கொண்டாந்து தரேன். நடுவுல வுட்டா திரும்பி வரும். ஒன்னால இன்னொருத்தனுக்கும் வரும். என் சைக்கிள் வர்ற தூரத்துல ஒரு வேலையப் பாரு."

ஊர் ஊராகச் சுற்றிய என்னை அதுவரை யாரும் தேடி வந்ததில்லை. அவர் தேடியது நோயையா, என்னையா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

லாரி ஏறி வேறு ஊருக்குப் போய்விட நினைத்திருந்தவன், மறுநாள் காலை அந்த டீக்கடையிலேயே கிளாஸ் கழுவச் சேர்ந்தேன்.