வயிற்றுக்கு மட்டும் ஒரு ஜெபம்

ஷேர் ஆட்டோவில் ஞானஜோதியின் இடது கால் தானாக ஏறாது. முழங்காலுக்குக் கீழே சுடிதாரோடு சேர்த்துப் பிடித்து, தூக்கி உள்ளே வைத்துவிட்டுத்தான் அவள் உட்காருவாள். மாதத்தில் பாதி நாள் இப்படித்தான். இரும்புலியூரில் எங்களை ஏற்றிக்கொள்ளும் துளசிங்கம் கண்ணாடியில் பார்த்துக் கேட்பார். "இன்னாக்கா, காலு இன்னும் பேஜார் பண்ணிகினு கீதா?"

"காலு இல்லண்ணா, பீரியட்ஸ்" என்பாள் இவள், வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி. துளசிங்கத்துக்கு அதன் பிறகு குரோம்பேட்டை வரை ரோட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது.

இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம். அவள் கணக்கு, நான் தமிழ். வீடும் ஒரே கட்டடம்தான். அவள் மாடியில், நான் கீழே. அவளுடைய சுடிதார் பேன்ட் எல்லாவற்றிலும் நாடாதான் இருக்கும். "காலைல ஒரு இடுப்பு, சாயந்திரம் ஒரு இடுப்பு அக்கா. எலாஸ்டிக்குக்கு என்ன தெரியும்?" கைப்பையில் வெந்நீர்ப் பை ஒன்று எப்போதும் உண்டு. அறிவுரை சொல்ல வாயைத் திறக்கிறவர்களை அவள் பார்க்கிற பார்வையில் பாதிப் பேர் டீ வாங்கப் போய்விடுவார்கள். சின்னப் பெண்ணாக இருந்தபோது, கல்யாணமானால் வலி சரியாகிவிடும் என்றார்களாம். கல்யாணம் ஆயிற்று. இப்போது குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். பேரன் பிறந்தால் கட்டாயம் சரியாகிவிடும் என்று நானும் சொல்லிவைத்திருக்கிறேன்.

டாக்டர்கள் கதை தனி. கால் வலிக்கு எலும்பு டாக்டர் முதுகைப் படம் எடுத்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். வயிறு உப்புவதற்குக் குடல் டாக்டர் காரத்தை நிறுத்தச் சொன்னார். வலது தோள் வலிக்குப் போனால் போர்டில் எழுதுவதைக் குறைக்கச் சொன்னார்கள். படுத்து எழுந்தாலும் தீராத அசதிக்குச் சத்து மாத்திரை. இதெல்லாம் மாதாமாதம் ஒரே சமயத்தில் சேர்ந்து வருகிறதா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. "ஆளுக்கு ஒரு பீஸ் எடுத்துக்கிட்டாங்க அக்கா. முழுசா என்னை ஒருத்தரும் பாக்கல."

கடைசியில் அடையாறில் ஒரு லேடி டாக்டர்தான் அதைக் கேட்டார். எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் சொன்னார். கருப்பையின் உள்பக்கம் இருப்பதைப் போன்ற திசு வெளியே எங்கெங்கோ வளர்கிறது. இவளுக்குக் குடல் மேலும், காலுக்குப் போகும் நரம்பின் பக்கத்திலும், நுரையீரலுக்குக் கீழே மூச்சுக்கு ஏறி இறங்கும் தசையிலும் இருக்கிறதாம். மாதாமாதம் அங்கெல்லாம் புண்ணாகி வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. மூச்சுத் தசையில் இருப்பதன் வலி தோளில் போய்த் தெரியுமாம். ஆபரேஷனுக்கு ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். அன்று இவள் ஆட்டோவில் சிரித்துக்கொண்டே வந்தாள். தனக்கு நோய் என்று சொன்னதற்குச் சந்தோஷப்பட்ட ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

மாமியார் ஜீவரத்தினம் அத்தை நல்ல மனுஷி. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். வலி வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பார், காலைப் பிடித்துவிடுவார். ஆனால் அவருக்கு மருமகளின் உடம்பு என்றால் வயிறுதான், வயிறு என்றால் குழந்தைதான். சர்ச்சில் ஜோதி வலிக்காக ஜெபிக்கச் சொல்லுவாள். அத்தை இடையில் ஒரு வார்த்தை சேர்ப்பார். பாஸ்டர் வாயில் அது கர்ப்பத்தின் கனிக்கான ஜெபமாக வெளியே வரும். "தோளுன்னு சொல்றேன் அக்கா, மைக்குக்குப் போறதுக்குள்ள குழந்தையாயிடுது."

ஆபரேஷன் பேச்சும் அப்படியே ஆயிற்று. குழந்தைக்கான ஆபரேஷன் என்று சபை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இது வலிக்குத்தான், குழந்தை வேறு விஷயம் என்று ஜோதி ஒருநாள் மெல்ல ஆரம்பித்தாள். "அப்ப என்னம்மா அவசரம்? முதல்ல குழந்தைக்குப் பாப்போம். வலி எந்தப் பொம்பளைக்குத்தான் இல்ல?" என்றார் அத்தை. புருஷன் மெர்வின் சாதுவான பிள்ளை. "ஆபரேஷன் முடியட்டும் ஜோதி, அப்புறம் அம்மாகிட்ட சொல்லிக்கலாம்" என்றான். பேசினால் ஆபரேஷன் தேதி போய்விடும்; பேசாமல் இருந்தால், வலி போனாலும் ஊரே வயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கேட்கிற எனக்கே எரிச்சலாக வருகிறது, அவளுக்கு எப்படி இருக்கும்?

திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை சாயந்திரம் மாடியில் ஜெபக்கூட்டம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், பிரிட்ஜ் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். பாட்டு நடுவில் ஜோதிக்கு மூச்சு இழுக்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு மற்றவர்கள் பாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளை நடுவில் உட்கார வைத்து, பெண்கள் தலையில் கை வைத்தார்கள். அத்தை பக்கத்தில் முட்டிபோட்டு, அடிவயிற்றில் கையை வைத்தார்.

"ஆண்டவரே, இந்தக் கர்ப்பத்தைத் திறந்தருளும்…" என்று பாஸ்டர் ஆரம்பித்தார். சுற்றிலும் ஆமென் எழுந்தது. அத்தையின் மூடிய கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வழிந்தது. மெர்வின் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜோதி கண்ணைத் திறந்தாள். வயிற்றின் மேலிருந்த மாமியாரின் கையை இரண்டு கையாலும் எடுத்தாள். பாஸ்டர் நிறுத்திவிட்டார். அந்தக் கையைக் கொண்டுபோய்த் தன் வலது தோளில் வைத்தாள்.

"இங்க வலிக்குது அத்தை. கால்ல வலிக்குது, குடல்ல வலிக்குது. திங்கக்கிழமை இதுக்குத்தான் போறேன். இதுக்கு ஜெபம் பண்ணுங்க."

அத்தை கையை எடுத்துக்கொள்ளப் பார்த்தார். ஜோதி விடவில்லை. அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, தோளோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுபடி கண்ணை மூடினாள்.