கோழிக்கூண்டின் மேல் ஒரு விமானக் கதவு

பில் இல்லாத எதையும் நான் நம்புவதில்லை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வந்திறங்கும் உதிரிபாகங்களைச் சோதிப்பது இருபது வருடமாக என் வேலை. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பாகத்துக்குச் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைத்துவிடுவேன். அந்தப் புத்தி என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. காய்கறிக்காரர் முதல் அப்பா வரை யாரையும் விட்டதில்லை.

மணிமங்கலத்தில் எங்கள் கோழிக்கூண்டுக்கு மேல்மூடி ஓர் அலுமினியக் கதவு. வெள்ளைக்காரர் காலத்துப் போரில் பறந்த குண்டுவீச்சு விமானத்துடையது. தாம்பரம் பக்கத்து விமானத் தளத்தில் கூலி வேலை செய்த தாத்தா கொண்டுவந்தாராம். "சண்டை முடிஞ்சப்புறம் பிளேனையெல்லாம் ஒடச்சி ஏலம் வுட்டாங்க, அதுல எடுத்தது" என்பார் அப்பா. ஊரார் திருட்டு என்பார்கள். நான் ஊரார் கட்சி. ஏலச்சீட்டு எங்கே என்று அரைக்கால் சட்டை வயதிலேயே அப்பாவைக் கேட்டவன்.

கதவின் ஓரத்தில் விமானத்தின் எண் மங்கிய பெயிண்டில் இருந்தது. போன வருடம், பழைய விமானப் பதிவேடுகளைத் துருவும் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவரை இணையத்தில் பிடித்து அதை அனுப்பினேன். அவர்மேலும் நம்பிக்கை வராமல் இன்னொருவரிடமும் கேட்டேன். இருவர் பதிலும் ஒன்றுதான். இந்தியாவுக்கு வந்த நாள், மாறிய தளங்கள், பார்த்த பழுதுகள் என்று நீண்ட பட்டியல். நான் நேராகக் கடைசி வரிக்குப் போனேன். போர் நடக்கும்போதே வங்கக் கடலுக்கு மேல் போன அந்த விமானம் திரும்பவில்லை. அதில் போனவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அப்படியென்றால் ஏலம் பொய். அதைவிட மோசமாக இன்னொன்றும் தோன்றியது. தாத்தா கழற்றிய கதவுக்குப் பதிலாக எதையோ அவசரமாக மாட்டிக்கொண்டு அது பறந்திருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எண்பதை நெருங்குகிறவர், கத்துவார் என்று நினைத்தேன். எழுந்து கூண்டருகே போனார்.

"அடியில ஏதோ வெட்டி வச்சிருக்கும், இன்னான்னு எனக்குப் புரியல. எறக்கித் திருப்பிப் பாரு," என்றார்.

அடிப்பக்கம் முழுக்கக் கோழி எச்சம். தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தேன். நடுவில் ஒரு நீளமான விரிசல் தெரிந்தது. இரண்டு கீல்களும் ரம்பத்தால் பாதி அறுக்கப்பட்டிருந்தன. விரிசலுக்குப் பக்கத்தில் உளியால் வெட்டிய பெருக்கல் குறி. ஆகாது என்று கழித்த பாகத்தை யாரும் மறுபடி மாட்டிவிடாதபடி நாங்களும் இப்படித்தான் வெட்டிக் கெடுப்போம். திருடுகிறவனுக்கு அந்தச் சிரமம் எதற்கு?

போனை எடுத்துப் பட்டியலை முதலிலிருந்து படித்தேன். கடைசிப் பயணத்துக்கு முந்தைய மாதத்தில் இருந்தது: கதவு விரிசல், புதுக் கதவு மாட்டப்பட்டது. வேலையில் ஒரு வரியைக்கூடத் தாண்டாதவன் நான். சொந்தத் தாத்தாவின் விஷயத்தில் தாண்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"கழிச்சுப் போட்டதைத்தான் தூக்கினு வந்திருக்காரு," என்றேன். "அப்புறம் ஏம்பா ஏலம்னு சொன்னாரு?"

அப்பா ஈரக் கதவைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவரு ஒண்ணும் சொல்லல. ஏலம்னு நாந்தான் சொல்லிக்கினு இருந்தேன்," என்றார். "நீயாவது என்னைக் கேட்ட. திருட்டுன்னு சொல்லிடுவாரோன்னு பயந்து, அவரு சாவற வரைக்கும் நான் அவரைக் கேக்கவே இல்ல."