சுவரில் ஒரு கறை

நத்தத்தில் ஒரு பழைய வீட்டை இடிக்கப் போயிருந்தேன். புருஷன் தன்னை அடித்ததை எல்லாம் அந்தக் காலத்துப் பெண் ஒருத்தி அடுப்படிச் சுவரில் காவிக்கட்டியால் எழுதி வைத்திருந்தாள். பெண்கள் எழுதியதை இணையத்தில் கண்காட்சியாக வைக்கும் காலேஜ் டீச்சர் ஒருவர் அதைப் படம் எடுக்க வந்தார். ஒல்லி உடம்பு. வரிக்கு வரி பக்கத்தில் ஸ்கேலை வைத்துத்தான் எடுப்பார்.

விஷயம் தெரிந்து வீட்டுச் சொந்தக்காரன் ஓடி வந்தான்.

"எங்க தாத்தா மானத்த ஊருக்கே காட்டுவியாடி?"

செங்கல்லால் அவர் மண்டையில் அடித்தான். சுவரில் ரத்தம் தெறித்தது. அவனைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க டீச்சர்."

"செத்த நேரம் அவன விட்றாதீங்கண்ணே. இன்னும் ரெண்டு வரி இருக்கு."

பிறகு என் மகள் அந்தக் கண்காட்சியைச் செல்லில் வாசித்துக் காட்டினாள். கடைசிப் படத்துக்குக் கீழே டீச்சர் எழுதியிருந்தார்: "ஓரத்தில் உள்ள ரத்தம் எழுதியவருடையது அல்ல, படம் எடுத்தவருடையது."

செங்கல்லால் அடித்தவனைப் பற்றிப் பேச்சே இல்லை. நானாக இருந்தால் அவன் பெயரைத்தான் முதலில் போட்டிருப்பேன்.